ஏழு தடவை வந்த பெயர்

என்னை யாராவது நல்ல பிள்ளை என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் காது சுடும். பத்து வயதில் நான் செய்த வேலை அப்படி.

அப்போது நாங்கள் ஆக்லாந்தில், மங்கரேயில் இருந்தோம். வளவின் பின்பக்கம் இருந்த தனி அறையை லாகூரில் இருந்து வந்த ஒருவருக்கு அப்பா வாடகைக்கு விட்டிருந்தார். நான் அவரை அங்கிள் என்பேன். பின்னேரம் மூன்று மணிக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றப் போனால் நடுச்சாமம்தான் திரும்புவார். அறையில் ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் மட்டுமே இருந்தன. டிவிகூட இல்லை.

ஆனால் அவர் லாகூரில் படம் எடுத்தவர். சும்மா இல்லை. கதை எழுதி, பாட்டு எழுதி, அதற்கு மெட்டுப் போட்டு, இயக்கி, கதாநாயகனாக நடித்து, அவரே வெட்டி ஒட்டி, அவரே காசும் போட்ட படம். அதன் ஒரு வீடியோ கசெட் மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது. நகரின் மேற்குப் பக்கம் ஒரு வெளிநாட்டுத் தொடர் எடுக்கிறார்கள், தாடிக்கார முகங்கள் தேடுகிறார்கள், முன்னர் நடித்ததைக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தக் கசெட்டை ஒரு கொப்பி எடுத்துத் தரும்படி அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவிடம் இரண்டு வீடியோ டெக்கும் அவற்றை இணைக்கும் வயரும் இருந்தன. மங்கரேயில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் படம் போவதென்றாலும் எங்கள் வீட்டு வயரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"இது ஒன்றுதான் இருக்கிறது," என்று அங்கிள் ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னார். யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று கசெட்டின் முதுகில் இருந்த பிளாஸ்டிக் துண்டையும் முன்பே உடைத்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை குடும்பமாகப் பார்த்தோம். தொடக்கத்தில் அவருடைய பெயர் ஏழு தடவை வந்தது. உருது வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருவது தெரியாதா? நான் விரல்விட்டு எண்ணினேன்.

"தியேட்டர் வாசலில டிக்கட் கிழிச்சதும் இவராத்தான் இருக்கும்," என்றார் அம்மா.

"படம் பார்த்ததும் இவர் மட்டும்தானோ தெரியாது," என்றார் அப்பா.

சிரித்தோம். வயிறு நோகச் சிரித்தோம். அப்பாவுக்கு வேலை மாறி மாறி வந்ததால் கொப்பி எடுப்பது அடுத்த சனிக்குத் தள்ளிப்போனது.

இடையில், புதன்கிழமை, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு டிவிக்காரர் வந்துவிட்டார்கள். அவரவர் ஊர் உடுப்பில் வரச் சொன்ன நாள். நான் சிவப்புப் பாவாடையில் நின்றேன். கமெரா என் பக்கம் திரும்பியதும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். ஆறு மணிச் செய்தியில் வரும் என்றார்கள்.

எங்கள் வீட்டில் ஆறு மணிச் செய்தி நாள்தோறும் பதிவாகும். யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு சொல்லாவது வராதா என்று அப்பா அதற்கென்றே ஒரு கசெட்டை டெக்கில் போட்டு, நேரம் குறித்துவிட்டு வேலைக்குப் போவார். ஆனால் இன்றைய செய்தி நாளைய செய்தியின் கீழே போய்விடும். நான் போய்விடக் கூடாது அல்லவா? அந்தக் கசெட்டை வெளியே எடுத்தேன். வேறு வெறும் கசெட் இல்லை. டிவிக்கு மேலே அங்கிளுடையதுதான் இருந்தது.

தெரியாமல் எடுத்தேன் என்று சொல்ல வழியில்லை. தெரிந்துதான் எடுத்தேன். யோசித்தும் எடுத்தேன். தொடக்கத்தில் வெறும் பெயர்கள்தானே, அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று யோசித்தேன். உடைந்த இடத்தில் செலோடேப் ஒட்டினால் பதியலாம் என்பது எங்கள் வீட்டில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். ஒட்டினேன்.

மூன்று வினாடி வந்தேன். "அம்மா, ஓடி வாங்கோ!" என்று கத்தினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் நான் போய் யாரோ ஒரு மந்திரி வந்துவிட்டார். அந்தச் சந்தோசத்தில் டெக்கை நிறுத்த மறந்து முற்றத்துக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது ஏழு மணி. ஐயோ! செலோடேப்பை உரித்து, கசெட்டைச் சுற்றி, உறைக்குள் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். யாரிடமும் வாயே திறக்கவில்லை.

சனிக்கிழமை அப்பா இரண்டு டெக்கையும் இணைத்தார். டிவியைப் போடாமலே கொப்பி எடுக்கலாம். ஓட விட்டுவிட்டுப் படுக்கப் போனார். நான் அருகிலேயே நாடியைக் கையில் தாங்கிக்கொண்டு இருந்தேன். இரண்டரை மணிநேரம். அவ்வளவு நேரத்தில் ஒரு தரமாவது அப்பாவை எழுப்பியிருக்கலாம்.

அங்கிள் செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டார். கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, தாடியைச் சீவி, கொப்பியை ஒரு பையில் சுற்றிக்கொண்டு அந்தத் தொடர் எடுப்பவர்களைப் பார்க்க பஸ் ஏறினார். அம்மா யன்னலால் பார்த்து, "பார், மாப்பிள்ளை மாதிரிப் போறார்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னேரம் வாசலில் வந்து நின்றார். கழுத்துப்பட்டி சட்டைப்பைக்குள் இருந்தது. அதில் செய்தி இருக்கிறது, முதல் ஒரு மணிநேரமும் செய்திதான் என்று மெதுவாகச் சொன்னார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓம், நான்தான். என்ர செய்திப் பைத்தியத்தில, பழக்கதோசத்தில செலோடேப்பையும் ஒட்டி, கசெட்டை மாறிப் போட்டிட்டன்," என்று எங்களிடம் தமிழில் சொல்லிவிட்டு, அங்கிளிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பா யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அம்மாவின் பின்னால் நின்று அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விடுங்கள். மிச்சப் படம் இருக்கிறது," என்றார் அங்கிள். மிச்சப் படத்தில் அவருடைய பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

போகும்போது என்னைப் பார்த்து நின்றார். "உன்னை டிவியில் பார்த்தேன். நல்ல முகம். ஆனால் கமெராவைப் பார்த்துக் கையாட்டக் கூடாது. அது அங்கே இல்லை என்று நினைத்துக்கொள்," என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு படத்தையே எடுத்த மனிதர் என் முகம் நல்ல முகம் என்கிறாரே! அவருக்கு ஒன்றும் தெரியாது, தப்பிவிட்டேன் என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த வருடம் அவர் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்.

பல வருடங்களுக்குப் பிறகு, என் மகள் பள்ளிக்கூட மேடையில் நின்று எனக்குக் கையாட்டியபோதுதான் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டது. புதன்கிழமை ஆறு மணிக்கு அங்கிள் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் டிவியும் இல்லை. அவர் என்னைப் பார்த்திருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, தன் பெயர் ஏழு தடவை வரப்போகிறதென்று அந்நியர்கள் நடுவே அவர் காத்துக்கொண்டிருந்த அறை அது. அங்கேதான் நான் சிவப்புப் பாவாடையில் வந்து, அவரைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டியிருக்கிறேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவர் அப்பாவை மன்னிப்புக் கேட்க விட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.