இருபத்து நான்காவது பெயர்

எங்கள் டயாலிசிஸ் சென்டரில் வேன் ஓட்டுகிறவன் நான். காலையில் அக்கா நீட்டும் தாளில் பெயர் இருப்பவர்களை வீடு வீடாகப் போய் அழைத்து வருவேன். பெயர் இல்லாதவரைப் பற்றி எனக்கென்ன என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என் உடன்பிறந்தவர் இல்லை; அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா. டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். நோயாளிகளின் விவரமெல்லாம் நோட்டில் கிடந்து கிழிவதைப் பார்க்கப் பொறுக்காமல், தலையணை அளவுப் புத்தகம் ஒன்றை வைத்துத் தானாகக் கற்று, கம்ப்யூட்டரில் ஒரு டேட்டாபேஸ் செய்தார். "அந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று கணவர் கிண்டலடிப்பாராம். "அது கேட்டதுக்குப் பதிலாவது சொல்லும்" என்பாராம் அக்கா.

அன்று பட்டியல் ஒரு தாள் விட்டு ஒரு தாள் வெறுமையாக வந்தது. நான் பிரிண்டரை ஓங்கித் தட்டினேன்.

"அத ஏன்பா அடிக்கிற? சொன்னதத்தான் செய்யுது" என்றார் அக்கா.

முகவரிக்கு இடம் போதவில்லை என்று முந்தின நாள் அவர்தான் கட்டத்தை இழுத்து அகலமாக்கியிருந்தார். பட்டியல் தாளைவிட அகலமாகி, மிச்சம் அடுத்த தாளுக்கு வழிந்திருக்கிறது. கட்டத்தைக் குறுக்கினார். பட்டியல் பளிச்சென்று வந்தது.

"வந்துருச்சில்ல, வண்டிய எடுப்பா" என்றார் மேனேஜர்.

நான் கை நீட்டினேன். அக்கா கொடுக்கவில்லை. விரல் வைத்து எண்ணினார். இருபத்து மூன்று.

"இன்னிக்கு இருபத்து நாலு பேர் சார்."

"யாராவது வரலன்னு சொல்லியிருப்பாங்கம்மா."

"சொன்னா எங்கிட்டதான் சொல்லுவாங்க."

மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம். "லேட்டானா எல்லாருக்கும் தள்ளிப்போகும்!"

"எர்ரர்னு கத்தினா சரிபண்ணிடலாம் சார். இது வாயே தொறக்காம ஒரு ஆள முழுங்கியிருக்கு."

பிடித்த பிடியை அவர் விடவில்லை. போன வாரத் தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராக டிக் அடித்தார். விட்டுப்போனவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நேற்றுத்தான் மகள் வீட்டுக்கு மாறியிருந்தார். புது முகவரியைப் பதிந்த அக்கா, அந்தத் தெரு எந்த ஏரியாவில் சேரும் என்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். பட்டியலோ ஏரியா உள்ளவர்களை மட்டும்தான் எடுக்கும். அப்படி அமைத்ததும் அவரேதான்.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. "தப்பு என்னோடதுதான்" என்று சொல்லிக்கொண்டே முகவரியைக் கையால் எழுதித் தந்தார். "மொதல்ல அவரக் கூட்டிட்டு வா தம்பி. அதுக்குள்ள இந்த ஓட்டைய அடைச்சிடறேன். நாளைக்கு இன்னொருத்தர் விழக்கூடாது."

வேனை விரட்டினேன். புது வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டு தெரு தள்ளி, ஒரு சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார் பெரியவர். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அதைக் கையில் வைத்திருந்தார்.

"வண்டி வரல. நடந்தே வந்துடலாம்னு பாத்தேன்பா" என்றார், மூச்சு வாங்க. அவரைத் தாங்கிப் பிடித்து வேனில் ஏற்றினேன். பெயர் இல்லாதவரைப் பற்றி எனக்கென்ன என்று இனி ஒருநாளும் நினைக்க முடியாது.

சென்டர் வாசலில் சக்கர நாற்காலியோடு அக்கா காத்திருந்தார். கையில் புதுப் பட்டியல். ஏரியா இடம் காலியாகவே இருந்தும் பெரியவர் பெயர் இப்போது முதல் வரியில் வந்திருந்தது.

"ஐயா, உங்க பேர விட்டது நான்தான். என்ன வேணாலும் திட்டுங்க" என்றார் அக்கா. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"மொதல்ல ஊசியப் போடச் சொல்லும்மா. திட்டறதுக்குத் தெம்பு வேணும்ல."