தேன்வெயில் இனத்தின் தந்தை

குச்சியைப் பெயிண்ட் டின்னுக்குள் விட்டு நிதானமாகக் கிளறி எடுத்து, இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போவார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார். வாங்க வந்தவர் எட்டிப் பார்த்தால் பிடிக்காது. "காயட்டும் சார், காஞ்சா ஒரு சாயல் இறங்கும்" என்பார். சாயல் இறங்கிய பிறகுதான் மூடியைத் தட்டி மூடி டின்னைக் கையில் கொடுப்பார். சுவர் நம்முடையதுதான். ஆனாலும் அதன் நிறத்துக்கு முதலில் சம்மதிக்க வேண்டியது அவருடைய நகம்.

தெருமுனையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் இவரை நாங்கள் கலவைக்காரர் என்போம். ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் எப்போதும் நிற அட்டைகளின் விசிறி ஒன்று இருக்கும். பேச்சுக்கு நடுவே அதை விரித்து எதிரில் நிற்பவரின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். என்னை 'ஈரக் களிமண்' என்று முடிவு செய்து பல வருடங்களாகின்றன. "தப்பா நினைக்காதீங்க, நல்லா போற கலரு அது" என்று ஆறுதலும் சொன்னார்.

கடைக்குப் பின்னால் வீடு. அங்கே தொங்கு காதும் பட்டு முடியுமாக ஒரு ஸ்பேனியல் பெண் நாய். அவருடைய மனைவி ஆசைப்பட்டு வாங்கியது. மாடியில் குடியிருந்த தையல்காரரிடம் சுருள் முடிப் பூடில் ஒன்று இருந்தது. ஒருநாள் மாடிக் கதவைச் சாத்த மறந்துவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் ஐந்து குட்டிகள் பிறந்தன. ஐந்தும் ஒரே தேன் நிறம், ஒரே அலை முடி. முடி கொட்டவில்லை. அழைப்பு மணிக்குக் குரைக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் கொஞ்சினார்கள்.

கலவைக்காரர் ஒரு வாரம் பித்துப் பிடித்தவராக இருந்தார். பிறகு நிற அட்டையிலிருந்து 'தேன்வெயில்' என்ற பெயரை எடுத்துக் குட்டிகளுக்குச் சூட்டி, புதிய இனம் பிறந்துவிட்டதாக அறிவித்தார். 'தேன்வெயில் இனத்தின் தந்தை' என்று விசிட்டிங் கார்டு அடித்தார். உண்மையான தந்தை மாடியில் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்த மகத்தான படைப்பில் கலவைக்காரரின் பங்கு, கதவைச் சாத்தாமல் விட்டது மட்டும்தான். அதைக்கூடத் தையல்காரர் தன் பங்கு என்கிறார்.

தாய் நாய்க்கு அவர் வைத்த பெயர் பேஸ். எல்லா நிறங்களையும் ஊற்றிக் கலக்குவதற்காக டின்னில் வரும் வெள்ளைக் குழம்புக்குக் கடையில் அதுதான் பெயர். "இவதாங்க பேஸ். இவமேல எதை வேணா ஊத்திக்கலாம்" என்று வருகிறவர்களிடம் அறிமுகப்படுத்துவார். அது தன்னைத்தான் புகழ்கிறார் என்று நினைத்து வாலை ஆட்டும்.

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற தணிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். சுத்த ரத்தக் கட்சி. அவரிடம் இருப்பது சப்பை மூக்கு நாய். அதன் ஏழு தலைமுறைப் பெயர்களும் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. அவருடைய தாத்தாவின் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். நாய் மூச்சு விடுவது தெருவுக்கே கேட்கும். படி ஏறினால் நாக்கு நீலம் பாரிக்கும். ஆனாலும் ரத்தம் சுத்தம்.

இருவருக்கும் மாலைதோறும் கடை வாசலில் விவாதம் நடக்கும்.

"ஆயிரம் வருஷமா காப்பாத்திக்கிட்டு வந்த இனத்தை இப்படிக் குழப்படி பண்றீங்களே, உருப்படுமா?"

"அந்த ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் கலக்கித்தானே சார் உங்க இனமே வந்துச்சு? அவன் கலக்கினா சரித்திரம், நான் கலக்கினா குழப்படியா?"

"அவங்க தெரிஞ்சு செஞ்சாங்க."

"தெரிஞ்சு செஞ்சதாலதான் மூக்கை மறந்துட்டாங்களோ?"

நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்தில் கலவைக்காரர் ஜெயித்துவிட்டார். அத்தோடு கடையை மூடிவிட்டு உள்ளே போயிருக்க வேண்டும். ஜெயித்த மனிதர் சும்மா இருப்பாரா?

குட்டிகளில் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் தானே வைத்துக்கொண்டார். வளர்ந்ததும் அண்ணனையும் தங்கையையும் சேர்த்துவிட்டார். மனைவி முகம் சுளித்ததற்கு அவர் தொழில்முறையில் பதில் சொன்னார்: "ஒரே கலர் டின்னு ரெண்டை ஒண்ணா ஊத்தினா என்ன வரும்? அதே கலர்தானே வரும்?" முப்பது வருட அனுபவம் அப்படித்தான் சொல்லியது. நாய்களிடம் யாரும் சொல்லவில்லை.

வந்த குட்டிகளில் ஒன்று கன்னங்கரேல். ஒன்றுக்கு உடம்பெல்லாம் திட்டு. ஒன்றின் கீழ்த்தாடை முன்னால் நீண்டு, பால் குடித்தால் பாதி வெளியே வழிந்தது. ஒன்று தன் வாலைப் பார்த்தே குரைத்தது. கடைசியாக ஒன்று மட்டும் தேன் நிறம். அதுவும் நேர் முடி, தொட்டால் கொத்தாகக் கையோடு வந்தது. "கலவை மிஷின்ல ஏதோ கோளாறு" என்று அவர் வாய் தவறிச் சொன்னதை நானே கேட்டேன்.

கால்நடை மருத்துவர் அம்மா பொறுமைசாலி. "பெயிண்ட்ல ஒரு தடவை கலந்தது பிரியாது சார். உயிர்ல அப்படி இல்ல. உள்ள போனதெல்லாம் உள்ளேயே தனித்தனியா இருக்கும், அடுத்த தலைமுறையில எது வேணா வெளிய வரும்" என்று விளக்கினார். கலவைக்காரர் தலையாட்டினார். பெயிண்ட் என்ற சொல் வரைக்கும்தான் கேட்டார் என்பது என் கணிப்பு. கலப்பினமா, சுத்த இனமா, எது நல்லது என்று நான் அந்த அம்மாவையே கேட்டேன். "எனக்கு ரெண்டு பேரும் வேணும். எதிர்வீட்டு மூக்கும் இவர் வீட்டுத் தாடையும் இல்லன்னா நான் எப்படிப் பொழைக்கிறது?" என்றார்.

முடி கொட்டும் அந்தத் தேன் நிறக் குட்டியைக் கலவைக்காரர், முடி கொட்டாது என்று சொல்லிப் பாட்டு டீச்சர் ஒருவருக்குக் கொடுத்திருந்தார். டீச்சருக்கு இளைப்பு நோய். சில வாரத்தில் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். குரல் போயிருந்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு தும்மல்.

"கலந்த பெயிண்ட்டை நாங்க திரும்ப எடுக்கறதில்லைங்க."

"திரும்பக் குடுக்க வரல சார். இதை விட்டுட்டு என்னால இருக்க முடியாது. இதோடவும் இருக்க முடியல. என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

இனத்தின் தந்தை நன்றாக யோசித்து, "மொட்டை அடிச்சிடுங்க" என்றார். தேன்வெயில் இனத்து இரண்டாம் தலைமுறையின் அந்த ஒரே தேன் நிறப் பிரதிநிதி இப்போது உரித்த கோழியாகத் தெருவில் போகிறது. டீச்சர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அதைக் கொஞ்சுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

இதற்கெல்லாம் அசராமல் கலவைக்காரர் அடுத்த திட்டத்துக்கு வந்தார். கலர் நிற்கவில்லை என்றால் பேஸுக்கே திரும்பிப் போக வேண்டும். அதாவது தாயையும் அதன் மகனையும் சேர்ப்பது. மாடிப் பூடிலோடு இன்னும் இரண்டு தடவை சேர்த்ததில் அதற்குள் பேஸ் மூன்று ஈற்று ஈன்றுவிட்டது. கடைசி ஈற்றில் வயிற்றைக் கிழித்துத்தான் குட்டிகளை எடுத்தார்கள். "இன்னொரு தடவை சினை பிடிச்சா இது பொழைக்காது. கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று மருத்துவர் அம்மா அப்போதே சொல்லியிருந்தார். "நீங்க எப்பவும் பயமுறுத்துவீங்க" என்று அவர் சிரித்துவிட்டு வந்தார். மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தினார். அது தனக்குச் செய்யும் உபகாரம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நாள் பார்த்தும் ஆகிவிட்டது.

அந்த நாளில்தான் என் ஜன்னல் கம்பிகளுக்கு நான் கருநீலம் கேட்டு நின்றேன். அட்டையில் இருப்பதைவிட இன்னும் ஒரு பிடி அடர்த்தியாக வேண்டும் என்றேன். அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுப் பாடம் எடுத்தார்.

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுங்க. பேஸுக்குன்னு ஒரு தாங்குசக்தி இருக்கு. அதுக்கு மேல கலரை ஊத்தினீங்கன்னா பெயிண்ட் காயவே காயாது. ஒட்டிக்கிட்டே கிடக்கும். மொத்த டின்னும் பாழ். பேராசைப்படக் கூடாது."

உள்வாசலில் மனைவி நின்றிருந்தார். அவர் காலடியில் பேஸ் படுத்திருந்தது. வயிற்றுத் தையல் மேல் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை.

"ஏங்க" என்றார். பல நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. "டின்னுல இருக்கிற வெள்ளைக் குழம்புக்குத் தாங்குசக்தி இருக்கு. இதுக்கு மட்டும் இல்லையா?"

மருத்துவர் அம்மா சொல்லியும் ஏறாதது, டீச்சரின் தும்மலிலும் ஏறாதது, எதிர்வீட்டாரின் ஏழு தலைமுறையாலும் ஏறாதது அன்று ஏறிவிட்டது. அவருடைய வேதத்திலிருந்தே எடுத்துச் சொன்னால் அவர் என்ன செய்வார்? நகத்தில் வைத்திருந்த கருநீலத்தைத் துடைத்தார். பிறகு எனக்குப் பெயிண்ட் தராமலே கடையைச் சாத்திவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்தார்.

துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். "ரத்தம்னா எனக்கு ஆகாதுங்க" என்றார். மூன்று ஈற்று ரத்தம் எப்படி ஆனது என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். உள்ளே பேஸுக்குக் கர்ப்பப்பை எடுக்கும் அறுவை நடந்த நேரமெல்லாம் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "நான் ஒரு மடையன் சார். சும்மா கிடந்த சீவனைப் போட்டு வதைச்சிட்டேன்" என்றார். பொய்யில்லை, நெஞ்சிலிருந்துதான் வந்தது. "இனிமே எந்த நாயையும் எதோடயும் கலக்க மாட்டேன்."

பேஸை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்கள். மயக்கம் தெளியவில்லை. நாக்கு ஓரமாகத் தொங்கியது. மருத்துவர் அம்மா, பிழைத்துக்கொண்டது, பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கலவைக்காரரின் கண்ணீர் அதன் காதில் விழுந்தது. அவர் அதைத் துடைத்து, காதை மெல்ல நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார். கையில் கயிறு, கயிற்றின் முனையில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில், தோளுயர்ந்த, அடர்ந்த முடியுள்ள ஒரு நாய். ஊசி போட வந்திருந்தது. எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது" என்றார் அந்தப் பெண்.

கலவைக்காரரின் இடது கை பேஸின் காதை நீவிக்கொண்டுதான் இருந்தது. வலது கை மட்டும் மெல்ல நீண்டு, அந்தச் சாம்பல் நிற முடியில் ஒரு கொத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, தேய்த்துப் பார்த்தது.

"ஆணுங்களா?" என்று கேட்டார்.