சர்க்கரையை இறக்கிய காலை

லாரிக்கு எஃப்.சி., அதாவது ரோட்டில் ஓடத் தகுதியானது என்கிற சான்று, எடுக்கப் போகும்போது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்தவர் வண்டியிலிருந்து நல்ல டயரைக் கழற்றி வாங்கி மாட்டிக்கொள்வார்கள். எரியாத லைட்டை எரிய வைப்பார்கள், முன்பக்கம் ஒரு கை பெயின்ட் அடிப்பார்கள். வண்டி பாஸான அன்றைக்கே டயர் திரும்பிப் போய்விடும். டிரைவர்களுக்கும் லைசென்ஸ் புதுப்பிக்க உடம்பைக் காட்டி டாக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குப் பெயர் ‘மெடிக்கல்’. சிரிக்கிற நேரமாக இருந்தால் ‘நம்ம எஃப்.சி.’ என்பார்கள். என் வீட்டுக்காரர் அந்த எஃப்.சி.க்குத் தயாரானதை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் ஆத்திரம்தான் வருகிறது. பயம் அப்புறம்தான் வரும்.

அவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். மணலி யார்டுக்கும் துறைமுக கேட்டுக்கும் நடுவிலேயே அவருடைய பாதி வயது கழிந்துவிட்டது. கேட் திறக்கிற வரைக்கும் வரிசையில் நாள் முழுக்க கேபினுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். கிடைத்ததைத் தின்பார்கள், கிடைத்த நேரத்தில் தூங்குவார்கள். சர்க்கரை வராமல் என்ன செய்யும்? ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதை அவர் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்வார், இல்லையென்றால் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு டிரைவர் இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது என்று அவருக்குக் கையெழுத்து கிடைக்கவில்லை. இப்போது ஒரு கோடவுனில் வாட்ச்மேன். தான் ஓட்டிய வண்டிக்கே தினமும் எழுந்து கேட் திறந்துவிடுகிறார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். சர்க்கரை இருப்பது தெரிந்தால் தன் கதையும் அதுதான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

முன்பெல்லாம் தலையை நிமிர்த்தாமல் கையெழுத்துப் போடுகிற டாக்டர் ஒருவரிடம் போவார்கள். இந்த முறை லாரி முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். திருவொற்றியூரில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், அவரிடம்தான் போக வேண்டும், ரத்தமும் பார்க்க வேண்டும் என்று. உடனே லாரி பார்க்கிங்கில் டிரைவர்கள் கூடி யோசனை நடந்தது. சோற்றை நிறுத்து, பாகற்காய்ச் சாறு குடி, மாத்திரையை ரெண்டு ரெண்டாகப் போடு, முதல் நாள் மத்தியானத்தோடு வாயைக் கட்டு. ஆளுக்கொன்று சொன்னார்கள். இவர் ஒன்று விடாமல் அத்தனையும் செய்தார். உடம்பு பாதியாகிவிட்டது. கோபம் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது.

நேராக டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். அதற்கு அவர், “நெசத்த சொல்லிட்டு நாளைக்கு உன் தையல் மிசின்ல குந்திகினு நானும் ஜாக்கெட் தெய்க்கறதாமே?” என்றார். அன்றைக்கு நான் தட்டை வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

மெடிக்கல் அன்று விடியும்போதே மணலிக்குப் போய்விட்டார். காலி கன்டெய்னர் ஒன்றைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போகிற வழியில் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கடலோரமாக வண்டியை ஒதுக்கிவிட்டு டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று கணக்கு. பரிசோதனை முடிந்த கையோடு வயிற்றுக்கு ஏதாவது போகட்டும் என்று நான் டப்பாவில் இட்லி எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து கிளினிக்குக்குப் போனேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் சட்டை பிழிந்தெடுக்கிற மாதிரி நனைந்திருந்தது. பக்கத்தில் அவருடைய கூட்டாளி, அவரும் டிரைவர், அவருக்கும் அன்றைக்கு மெடிக்கல். என் வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வழி கேட்க வந்த யாரோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை.

“கேட் தொறந்தானா?” என்று கேட்டார்.

டாக்டரம்மா இன்னும் வரவில்லை, வழியில் வந்துகொண்டிருக்கிறார் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். நான் டப்பாவைத் திறந்தேன். கூட்டாளி என் கையைத் தடுத்தார். “பசி மயக்கம்தான் அண்ணி. இப்போ வாய்ல எதுனா வெச்சா இத்தினி நாள் பட்டதெல்லாம் வேஸ்ட்டு. ரத்தம் எட்துட்டா அப்பால துன்னட்டும்” என்றார்.

டப்பா மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கொடுத்தால் அவர் வேலை போகும். கொடுக்காவிட்டால் என்ன போகுமோ தெரியவில்லை. கேட்டைத் திறந்துவிடுகிற அந்த மனுஷன் முகம் எனக்கும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதே நேரம் என் வீட்டுக்காரரின் இடது கை மெல்ல எழுந்து காற்றில் எதையோ பிடித்துத் தள்ளியது. பிறகு இழுத்தது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே கியர் மாற்றிக்கொண்டிருந்தார். கால் தரையை மிதித்து மிதித்து எடுத்தது.

வேலையாவது மண்ணாவது என்று ஓடினேன். எதிரே இருந்த டீக்கடையில் சர்க்கரை டப்பாவை நானே எடுத்து டீயில் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தேன். வாயருகில் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டார். “வாணா... ஏறிடும்... ஏறிடும்” என்று முனகினார். என்னை அடையாளம் தெரியவில்லை, எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, சர்க்கரை ஏறிவிடும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல மூக்கைப் பிடித்து ஊற்றினேன். பாதி சட்டையில் போனது. கூட்டாளியே பயந்துபோய்த் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா உள்ளே வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். பாதி டீ உள்ளே போயும் சர்க்கரை ஏறவே இல்லை, பாதாளத்தில் கிடந்தது. படுக்க வைத்துக் கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவர் கண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக ஆள் திரும்பி வந்தது. “நீ எப்போமே வந்தே?” என்று என்னைக் கேட்டார். அழுகையை அடக்குவதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

அவர் இட்லியைச் சாப்பிட்டு முடித்ததும், டாக்டரம்மா என்னென்ன செய்தீர்கள் என்று விசாரித்தார். பாகற்காய்ச் சாற்றிலிருந்து இரட்டை மாத்திரை வரை எல்லாவற்றையும் இவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை.

“கொஞ்சம் ஜாஸ்தியா இருந்திருந்தா மருந்தை மாத்திக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். சர்க்கரை இருக்கறவங்க எத்தனையோ பேர் வண்டி ஓட்டறாங்க. இப்படி இறங்கறதுதான் ஆபத்து. இன்னைக்குப் போட மாட்டேன்.”

எதை மறைக்கப் பட்டினி கிடந்தாரோ அதற்குக் கையெழுத்து கிடைத்திருக்கும். மறைத்ததற்குத்தான் கிடைக்கவில்லை. எனக்குச் சிரிப்பதா அவரை நாலு சாத்து சாத்துவதா என்று தெரியவில்லை. அதற்குள் டாக்டரம்மா சாதாரணமாக இன்னொன்றும் கேட்டார். யார் கூட்டிக்கொண்டு வந்தது என்று.

“நான்தான் மேடம். வண்டி ஓட்டிகினு வந்தேன்.”

எந்த வழியாக என்றார். இவர் வாயைத் திறந்தார். மணலி யார்டில் பேப்பர் வாங்கியதைச் சொன்னார். அப்புறம் நிறுத்திவிட்டார். மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அப்பால இந்த பெஞ்சுதான் ஞாபகம் கீது மேடம்.”

நடுவில் சாத்தாங்காடு இருக்கிறது. எர்ணாவூர் மேம்பாலம் இருக்கிறது. பாலத்தடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிற நேரம் அது. அத்தனை நீள வண்டி அதையெல்லாம் தாண்டி வந்திருக்கிறது, ஓட்டியவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. புது மாத்திரை எழுதிக் கொடுத்து, சில வாரம் ஒழுங்காக இருந்துவிட்டு வரச் சொன்னார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் கூட்டாளி காதோரம் பேச ஆரம்பித்தார். வியாசர்பாடியில் ஒருவர் இருக்கிறார், ஆளைப் பார்க்காமலே போட்டுக் கொடுப்பார், இன்றைக்கே போய்விட்டு வந்துவிடலாம் என்றார். என் வீட்டுக்காரர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. எக்ஸ்பிரஸ் ரோட்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.

டிரெய்லர் கோணலாக நின்றது. வால்பக்கம் பாதி ரோட்டில் கிடந்தது, பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போயின. இடதுபக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முன்சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்தார். பார்த்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனார். கண்ணாடியைத்தான் பார்க்கிறார் என்று நினைத்திருந்த எனக்கு அப்போதுதான் புரிந்தது அவர் எதைத் தேடுகிறார் என்று. மறுபக்கம் போய் நானும் குனிந்தேன்.

சேறு, மீன் வலைத் துண்டு, இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே சிக்கிய கல். அதற்கு அடுத்ததில் நீலமாக ஏதோ சுற்றிக் கிடந்தது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் நீலம். கையை நீட்டினேன், நீட்டிய கை தொட மறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். தார்பாய்க் கிழிசல்.

ஒன்றுமில்லை என்று கத்திச் சொன்னேன். அவர் நம்பவில்லை. யார்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். அந்த வழியில் ஓட்டுகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, எர்ணாவூர் பக்கம் ஏதாவது ஆக்சிடென்டா என்று விசாரித்தார். எல்லாரும் இல்லை என்றார்கள். கூட்டாளி மறுபடியும் வியாசர்பாடி பேச்சை எடுத்தார். இவர் வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். எர்ணாவூர் போக வேண்டும் என்றார். கோபப்பட எனக்குத் தெம்பில்லை. ஷேர் ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பாலத்தடியில் இறங்கினோம். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. கேட்டுக்கு உள்ளே நீலச் சீருடையில் பிள்ளைகள் கூச்சல் போட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“எல்லாப் புள்ளைங்களும் கீதுங்களாமே?” என்றார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் கம்பியை விடவில்லை.