தரையில் வைத்த வெள்ளிக் கோப்பை

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நல்லதை மட்டும் எழுது என்று உறவினர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஓடைப்பட்டியில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். திருவிழாக்களில் குஸ்தி பிடித்துப் பெயர் வாங்கியவரை, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் பந்தயம் நடத்தும் வெள்ளைக்காரர் ஒருவர் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொண்டார். அங்கே வெள்ளைப் பயில்வான்களுக்கு மேசையில் சாப்பாடு. அப்பாவுக்குக் குதிரை கட்டும் இடத்தில். களத்தில் இறங்கினால் அவர் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வார்கள், கூட்டம் சிரிக்கும். அப்பா பிடியில்தான் பதில் சொல்வார்.

கம்பத்துக்கு மேலே மலைத் தோட்டத்தில் கூடாரம் போட்டபோது, வென்றவருக்கு வெள்ளிக் கோப்பை என்று அறிவித்தார்கள். அது கிடைத்தால் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குக் காணிக்கை என்று அம்மா நேர்ந்துகொண்டார். அப்பாவும் தம்மைவிட உயரமான வெள்ளைக்காரனை மல்லாக்கத் தள்ளி முதுகை மண்ணில் பதித்தார். வெள்ளையர் வென்றால் தோட்டத்துத் துரைசானி பரிசைக் கையில் கொடுத்துக் கை குலுக்குவாராம். அன்று கோப்பையைத் தரையில் வைக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்.

அப்பா குனியவில்லை. "கையில குடுங்க, வாங்கிக்கிறேன். கீழ வச்சத எடுக்க மாட்டேன்" என்று கையை நீட்டியபடி நின்றார்.

கூடப் போயிருந்த என் மாமா, "மச்சான், குனிஞ்சு எடுத்துட்டு வாங்க. நமக்கெதுக்கு வம்பு?" என்று கெஞ்சியிருக்கிறார். கூட்டம் கலைந்த பிறகும் அப்பா நின்றார். கடைசியில் காவலாட்கள் அவரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். கோப்பையும் போயிற்று, வேலையும் போயிற்று. துரைமாருக்குப் பயந்து அதன்பிறகு எந்த ஊரிலும் அவரைக் குஸ்திக்குக் கூப்பிடவில்லை.

மறு சித்திரையில் என் அண்ணனுக்கு அம்மை கண்டது. சின்னஞ்சிறு பிள்ளை. "ஆத்தாளுக்குச் சொன்னதக் குடுக்காம விட்டா அவ சும்மா விடுவாளா?" என்று தெருவே பேசியது. அண்ணன் பிழைக்கவில்லை. அம்மா அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டார். என்னிடம் மட்டும் சொல்வார்: "ஒங்கப்பா அன்னைக்குக் குனிஞ்சிருந்தாகன்னா எம்புள்ள இருந்திருப்பான்டீ."

யாரைக் குறை சொல்ல? அம்மா பிள்ளையைப் பறிகொடுத்தவர். ஆனால் கோப்பையைத் தரையில் வைத்தவர்களை இந்த ஊரில் ஒருவர்கூட ஏசவில்லையே!

அப்பா கம்பம் சந்தையில் நெல் மூட்டை சுமந்து எங்களைக் காப்பாற்றினார். கடைசி நாட்களில் மூச்சு வாங்கப் படுத்திருந்தவர், ஒரு காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாடி, நான் அந்தக் கோப்பைய எடுத்திருக்கணுமோ?"

"இல்லப்பா, நீங்க செஞ்சதுதான் சரி" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மா உட்கார்ந்திருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று மாலை அப்பாவின் உயிர் பிரிந்தது.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்து சென்ற சந்தைத் தோழர்களுக்கும், அடுப்பு எரியாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. இன்னும் ஓர் உதவி கேட்கிறேன். அப்பா செய்தது சரிதான் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்த ஓராண்டில் அப்படி ஒருவரும் வரவில்லை.