கண் திறந்த அட்டைப்படம்

1. பொன்னேரியிலிருந்து ஒரு போன்

"மேடம், நம்ம அட்டையில கீற பொண்ணு செத்துப்போயி ரெண்டு வருசம் ஆவுதாம்."

பொன்னேரி ஏஜென்ட் போனில் இப்படிச் சொன்னபோது நான் அடுத்த இதழின் நடுப்பக்கத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கங்களைக் கத்தரித்து, பசை தடவி, ஸ்கேல் வைத்து நேராக ஒட்டிய காலம் அது. சென்னையில் ஒரு பாட்டுப் பத்திரிகையில் நான் லே-அவுட் ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். அட்டை என் பொறுப்பு. அதனால் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

"யார் சொன்னது?" என்றேன்.

"பழவேற்காட்டுக் குப்பத்துல ஒரு ஆளு. ஏழுமலைனு பேரு. அவன் பொண்டாட்டியாம். படகு கவுந்து போனவ. பொணம் கூட கிடைக்கல. இப்ப உங்க புக்க எடுத்துகினு, எம்பொண்டாட்டிய எங்க பாத்தாங்கனு கேட்டு என் கடையில வந்து நின்னுகினு கீறான். கண்டா பாவமா கீது மேடம். நீங்க யாராச்சும் வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அட்டையில் இருந்தவள் நித்யா என்ற பாடகி. உயிரோடு, நல்ல குரலோடு, எங்கள் அலுவலகத்திலிருந்து நாலு தெரு தள்ளிக் குடியிருந்தாள். சிரித்திருப்பேன். ஆனால் அந்த இதழ் வந்த அன்றே நித்யாவும் போன் செய்திருந்தாள். அவள் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்: "அக்கா, அட்டை ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது நான் இல்லையே."

2. எங்கள் வாசகர் யார்?

எப்படி அப்படி ஆனது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அதுவரை எங்கள் பத்திரிகையைச் சினிமாப் பாட்டு வரிகளுக்காக வாங்கினார்கள். அட்டையில் நடிகர் படம், சிவப்பு எழுத்து, மஞ்சள் பட்டை. ரயில் நிலையக் கடையில் அது போதும். ஆசிரியர் சுந்தரத்துக்குப் போதவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் கேசட்டில் புதுக் குழுக்களைக் கேட்கிறார்கள், அவர்களைப் பிடிக்க வேண்டும் என்றார்.

"காலேஜ் பையன் கடைக்கு டீ குடிக்க வருவான். புக் வாங்க வரமாட்டான். அவன் டீ குடிக்கிற நேரத்துல நம்ம அட்டை அவனைக் கூப்பிடணும்."

பெட்டிக்கடையில் புத்தகங்கள் கிளிப்பில் தொங்கும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடக்கும். மேல்பக்கம் ஒரு சாண் மட்டுமே வெளியே தெரியும். ஆகவே பத்திரிகையின் பேர் மேலே, அதற்குக் கீழே உடனே கண்கள். எந்த எழுத்தையும் விட மனிதக் கண் முதலில் இழுக்கும். கருமணியை நட்டநடுவில் வைத்து, அதில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அந்த முகம் நம்மையே பார்ப்பது போல இருக்கும். இந்த வித்தையை நான் சினிமா பேனர் வரைந்த ஒருவரிடம் கற்றேன். அட்டைக்கு அட்டை அதைச் செய்து வந்தேன்.

கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் ஆகாது, கறுப்பு வேண்டும், கொஞ்சம் பயமும் வேண்டும் என்பது சுந்தரத்தின் கணக்கு. அதனால்தான் படம் எடுக்கப் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குப் போனோம்.

3. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள்

அந்தக் கல்லறை வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். உள்ளே அந்நிய எழுத்து பொறித்த பெரிய பெரிய கற்கள். நாங்கள் போனது உச்சி வெயில் நேரம். ஏரிப் பக்கமிருந்து காற்றே இல்லை. மீன் காயும் வாசனை மட்டும் அசையாமல் நின்றது. மதிலுக்கு வெளியே தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். உள்ளே நுழைந்தவுடன் அந்தப் பேச்சு நின்றுவிட்டது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர்கள் வாயசைப்பது தெரிந்தது.

நித்யாவை வாசலில் நிறுத்தி, முகத்துக்கு முன்னால் ஒரு பழைய வலையைத் தொங்கவிட்டு எடுத்தோம். வெயில் நேராக முகத்தில் அடித்தது. பாவம், கண்ணைத் திறக்கவே முடியவில்லை. ஃபிலிம் கழுவி வந்தபோது எல்லாவற்றையும் விட நன்றாக இருந்த படத்தில் அவள் கண் மூடியிருந்தாள். போதாக்குறைக்கு அந்த ஃபிலிமில், இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கீறல்.

"கண்ணைத் திறந்துடு" என்றார் சுந்தரம். எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம்.

பெரிய பிரிண்ட் போட்டு, அதன் மேல் கண்களை வரைந்தேன். யாரையும் பார்த்து வரையவில்லை. கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் நனைந்தாற்போல வரைந்தேன். புருவத்துக் கீறலை முழுதாக மறைத்திருக்கலாம். அப்படிச் செய்தால் காலண்டர் முகம் ஆகிவிடும், இந்தப் பிள்ளைகளுக்கு நிஜ முகம்தான் பிடிக்கும் என்று நினைத்து, ஒரு சின்ன இடைவெளியை மட்டும் விட்டேன். பழைய காயத் தழும்பு போல.

முடித்து, பிரிண்டைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். இந்த முகம் யாரோ என்று ஒரு கணம் தோன்றியது. நன்றாக வந்திருக்கிறது என்ற திருப்தியில் அதை மறந்துவிட்டேன்.

இதழ் நன்றாகப் போனது. கல்லூரி வாசல் கடைகளில் தீர்ந்துபோய் மறுபடி கேட்டார்கள். யாருமே எதிர்பாராமல் பழவேற்காட்டிலும் தீர்ந்துபோனது.

4. குப்பத்தில்

"நீயே போய் விளக்கிட்டு வாம்மா" என்றார் சுந்தரம். கண் வரைவதற்கு முன்பு போட்ட இன்னொரு பிரிண்டை எடுத்துக்கொண்டேன். கேட்டால் வரைந்து காட்டலாம் என்று பிரஷும் போஸ்டர் கலரும் பையில் போட்டுக்கொண்டேன். பொன்னேரியில் பஸ் மாறிப் போனேன்.

ஏழுமலை வீட்டில் இல்லை. படம் வந்த நாளிலிருந்து தொழிலுக்குப் போவதில்லையாம். விடிந்தால் கல்லறை வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறானாம். படத்தில் அவள் அங்கேதானே நிற்கிறாள்! கூப்பிட ஆள் போயிருந்தது. பக்கத்து வீட்டு முனியம்மா, ஐம்பது வயதுக்காரி, மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை உள்ளே அழைத்துப்போனாள்.

அட்டையைச் சோற்றுப் பசை வைத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நெற்றியில் குங்குமம். எதிர் மூலையில், அடுக்கி வைத்த வலைகளுக்குப் பின்னால், ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று குந்தியிருந்தது.

"வெளியில வாடி கண்ணு" என்றாள் முனியம்மா. குழந்தை வரவில்லை.

"அம்மா பாக்குது" என்றது.

"இப்படித்தாம்மா. எந்தப் பக்கம் போனாலும் பாக்குதுனு சொல்லிட்டு, அந்த மூலையிலேயே குந்திகினு துண்ணுது, அங்கியே தூங்குது."

நான் ஒரு சாண் இடத்துக்காகச் செய்த வித்தை அது. டீக்கடையில் நிற்கும் ஒரு பையனுக்காகச் செய்தது.

ஏழுமலை வந்தான். சத்தம் போடுவான் என்று நினைத்திருந்தேன். மிகவும் மெதுவாகப் பேசினான்.

"கஸ்தூரிய எங்க பாத்தீங்க மேடம்?"

"பார்க்கலங்க. இது ஒரு பாடகி. படம் கொஞ்சம் மாத்தினது."

"பாடகி படத்த உள்பக்கத்துல போட்டுகிறீங்க, பாத்தேன். அது வேற மூஞ்சி." சுவரில் இருந்த முகத்தின் புருவத்தில் விரலை வைத்தான். "இந்த வெட்டு? சின்ன புள்ளையில படகு விளிம்புல வுழுந்து ஆனது. இத உங்களுக்கு யாரு சொன்னது?"

"ஃபிலிம்ல கீறல் விழுந்திருந்தது."

"ஃபிலிம்ல" என்று அவனும் சொன்னான். நம்பவில்லை. "எங்கியோ உசுரோட கீறா. எங்கிட்ட சொல்ல வேணாம்னு உங்களாண்ட சொல்லிகிறா. இன்னா கோவம் அவளுக்கு எம்மேல? அத்த மட்டும் சொல்லுங்க, போதும்."

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தபோது, மீன் விற்றுவிட்டுத் திரும்பிய பெண்கள் எல்லோரும் கரை ஏறினார்கள். கஸ்தூரி மட்டும் ஏறவில்லை. உடல் கிடைக்காததால் காரியமும் செய்யவில்லை என்று முனியம்மா சொன்னாள். இனி எப்போது செய்வது என்று சொந்தக்காரர்கள் பேச்செடுத்த மாதத்தில்தான் எங்கள் இதழ் வந்திருக்கிறது.

பையிலிருந்து பழைய பிரிண்டை எடுத்து அவனிடம் கொடுத்தேன். "பாருங்க, இதுதான் நிஜப் படம். கண் மூடியிருக்காங்க. கண்ணை நான்தான் வரைஞ்சேன்."

அவன் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு அவன் சொன்னான்: "தண்ணியிலேர்ந்து தூக்கியிருந்தா இப்படித்தான் இருந்திருப்பா."

விளக்கப் போய் இன்னும் மோசமாக்கிவிட்டேன்.

5. இரண்டாவது முகம்

பேசிப் பயனில்லை, கண்ணால் பார்த்தால்தான் நம்புவான் என்று தோன்றியது. பிரிண்டை வாங்கிப் பலகை மேல் வைத்தேன். தண்ணீர் கேட்டேன். ஏழுமலையைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவன் பார்க்கப் பார்க்க வரைந்தேன். வேண்டுமென்றே வேறு மாதிரி வரைந்தேன். புருவத்தை வெட்டில்லாமல் சேர்த்தேன். கண்ணைச் சின்னதாக, ஓரம் சற்று இறங்கினாற்போல வைத்தேன். கடைசியாகக் கருமணியில் வெள்ளைப் புள்ளி.

ஏழுமலை உற்றுப் பார்த்தான். "இது கஸ்தூரி இல்ல" என்றான்.

"அதான் சொல்றேன். நான் வரையற கண்ணுதான் எல்லாம்."

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. முனியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"தனம்" என்றாள்.

நான் சட்டென்று படத்தின் பக்கமே திரும்பிக்கொண்டேன். அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது.

"யாரச் சொல்றக்கா?" என்றான் ஏழுமலை.

"எம்பொண்ணுடா. தனம்."

"இல்லக்கா. இவங்க இப்ப வரைஞ்சாங்க. என் கண்ணு முன்னாலதான் வரைஞ்சாங்க."

"நானும் பாத்துகினுதாண்டா இருந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "மஞ்சக்காமாலையில போனா. என் மடியிலதான் உசுரு போச்சு. இந்தக் கையால மண்ணு போட்டேன். செத்துப்போன அவளே என்னைப் பாக்குறா. உம்பொண்டாட்டி உன்னைப் பாக்குறதுல இன்னாடா அதிசயம்?"

ஏழுமலை என் பிரிண்டைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், மறுபடி பிரிண்டைப் பார்த்தான்.

முனியம்மா என்னிடம் சொன்னாள்: "அத்த மூடிடும்மா. அவ கண்ண நான் அன்னிக்கே மூடிட்டேன்."

பஞ்சை நனைத்துத் துடைத்தேன். நிறம் கரைந்து வந்தது. கீழிருந்து மூடிய இமைகள் தெரிந்தன. மறுபடி யாரோ ஒரு பெண், வெயிலில் கண் மூடி நின்றாள்.

நான் கிளம்பப் பையைக் கட்டினேன். ஏழுமலை எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"இதையும் மூடுங்க" என்றான்.

அச்சான அட்டையைத் துடைக்க முடியாது. மேலேதான் வரைய வேண்டும். வழவழப்பான தாளில் போஸ்டர் கலர் நிற்காது, ஆனால் பிரஷில் கொஞ்சம் சோப்பைத் தொட்டுக்கொண்டால் நிற்கும். அந்த முகத்துக்கு எதிரே மூக்கோடு மூக்காக நின்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ கண்களைத் திறந்திருக்கிறேன். ஒரு கண்ணை மூடியது அன்றுதான் முதல் தடவை. தோல் நிறத்தைக் கலந்து வலது இமையை இறக்கினேன். இடது கண் மட்டும் என்னைப் பார்த்தது. அதில் பாதி இமை போட்டபோது என் கை நின்றுவிட்டது. இவளை முழுதாக இருட்டில் தள்ளுகிறோமோ என்று ஒரு நினைப்பு. ஏழுமலைதான், "போடுங்க மேடம்" என்றான். போட்டேன்.

அவன் அப்போதுதான் அழுதான். சத்தம் போட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு, ஒரு சாவு வீட்டில் அழுவது போல. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்து, விஷயம் கேட்காமலேயே அவனோடு சேர்ந்து அழுதார்கள். குழந்தை வலைகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, நடுவீட்டைத் தாண்டி அப்பா மடிக்குப் போனது.

6. அதன் பிறகு

அந்த மாதமே ஏரிக்கரையில் கஸ்தூரிக்குக் காரியம் செய்தார்கள். பொன்னேரி ஏஜென்ட் சொல்லித்தான் தெரியும். அட்டையை ஏழுமலை சுவரிலிருந்து உரித்துத் தண்ணீரில் விட்டுவிட்டானாம். பிறகு வலைக்கும் போகத் தொடங்கிவிட்டான்.

அந்தப் புருவத்து வெட்டைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டார்கள். தற்செயல் என்றார் சுந்தரம். இறந்துபோனவளின் முகத்தில் அந்த வெட்டு எந்தப் பக்கம் என்று அவனுக்கே மறந்திருக்கும் என்றார் இன்னொருவர். இருக்கலாம். கஸ்தூரியின் புகைப்படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. நான் பதில் தேடுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் அந்தப் பிரிண்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாரோ என்று நான் நின்ற அந்த ஒரு கணம் மட்டும் என்னை விடவில்லை.

இப்போது கம்ப்யூட்டரில் ஒரு நிமிடத்தில் கண் திறக்கிறார்கள். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள், "நம்ம ரீடர் யாரு மேடம்?" என்று சரியாகத்தான் கேட்கிறார்கள். வயது, ஊர், கேட்கும் பாட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார்கள். எழுதிக்கொள்ளட்டும். ஆனால் நீங்கள் குறிவைத்த ஆளைத் தாண்டி அந்த அட்டை போகும். யாரையோ இழந்த ஒரு வீட்டுச் சுவரில் போய் உட்கார்ந்து, அங்கே இருப்பவர்களைப் பார்க்கத் தொடங்கும். முகத்தில் நீங்கள் நிரப்பாமல் விட்ட இடத்தை அவர்கள் நிரப்பிக்கொள்வார்கள்.

எழுத்தின் நிறத்தை மாற்றுங்கள், பின்னணியை மாற்றுங்கள், எது வேண்டுமானாலும் செய்யுங்கள். படத்தில் இருப்பவர் கண் மூடியிருந்தால் மட்டும், போய் மறுபடி படம் எடுத்து வரச் சொல்லுங்கள். நீங்கள் திறக்காதீர்கள்.