தட்டையாகத் தெரிந்த படம்

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தறியில் நூலோடு குறுக்கே ஓடும் நாடாக் கட்டை தெறித்து வந்து இடது கண்ணில் அடித்தது. வீக்கம் வடிந்ததும் வெளிப்பார்வைக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வீட்டில் கேட்கும்போதெல்லாம், "கொஞ்சம் கொஞ்சமா தெரியுது" என்று சொல்லிவைத்தேன். வலது கண்ணை மூடிச் சோதித்துப் பார்க்க எனக்கே மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் திருத்தணிக்கு முப்பரிமாணப் படம் வந்தது. திரையில் இருப்பதெல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்கு வருகிறது என்று ஊரே பேசியது. மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு மேட்னிக்குப் போனேன். வாசலில் ஆளுக்கொரு அட்டைக் கண்ணாடி கொடுத்தார்கள்.

படத்தில் ஒருத்தி பூச்செண்டை எங்கள் பக்கம் நீட்டினாள். கொட்டகை முழுக்கக் கூச்சல். முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று காற்றைப் பிடித்தார்கள். மடியிலிருந்த மகள் இரண்டு கைகளாலும் எதையோ அள்ளினாள்.

"நைனா, தொட்டுட்டேன்! உனுக்கு வந்துச்சா?"

"ஆங், வந்துச்சி."

எனக்கு வரவில்லை. பூச்செண்டு சுவரில் ஒட்டிய போஸ்டரைப் போலத் திரையிலேயே கிடந்தது. கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டினேன். அப்புறம் வலது கண்ணை மூடினேன். திரை இல்லை, ஆட்கள் இல்லை. கூச்சல் மட்டும் இருந்தது.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பயமும் இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் போல உள்ளே எல்லாம் மரத்திருந்தது. மற்றவர்கள் கை நீட்டியபோது நானும் நீட்டினேன். ஒருமுறை எல்லோரும் கையை இறக்கிய பின்னும் என் கை மட்டும் அந்தரத்தில் நின்றது. மனைவி தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து மெல்ல இறக்கினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கேட்டாள்.

"அந்தக் கண்ணு தெரியவேயில்லீங்களா?"

"இன்னிக்கித்தான் மூடிப் பார்த்தேன்."

"முன்னாடியே பார்த்திருக்கக் கூடாதா?"

"பார்த்திருந்தா மட்டும் இன்னா ஆவப்போவுது?"

மலையிலிருந்து மொட்டைத் தலைகளோடு ஒரு கூட்டம் இறங்கி வந்தது. இடப்பக்கமாக வந்தவர்மேல் இடித்துக்கொண்டேன். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு என் இடப்பக்கம் வந்து நடந்தாள்.

மறுவாரம் டாக்டரும் இனி பார்வை வராது என்றார். கேட்டுக்கொண்டு வந்து அன்று மத்தியானமே தறியை ஓட்டினேன். அறுந்த நூலைப் பிடிக்கப் போனால் விரல் முன்னாலோ பின்னாலோ போய் நின்றது. சில மாதங்களில் அதுவும் பழகிவிட்டது. அந்த மாதங்களில் நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், சொல்ல எதுவும் இல்லை. சோறு வைத்தால் சாப்பிட்டேன். யாராவது கண்ணைப் பற்றி விசாரித்தால் மனைவியே பதில் சொல்லி அனுப்பிவிடுவாள்.