கொத்தனாருக்குக் கொடுக்காத சொல்

யுத்தத்துக்காக ஆவடிப் பக்கம் ராணுவக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஓரிடத்தில் நிற்காமல் திரிந்த எனக்குச் சொற்களின் மேல் பைத்தியம். 'கைதேர்ந்த' என்பதைக் கண்டவருக்கெல்லாம் போடக் கூடாது என்று நண்பர்களிடம் வாதாடுவேன். கண் பாராதபோதும் கை தப்பாமல் வேலை செய்தால்தான் அந்தச் சொல் பொருந்தும் என்பது என் கட்சி.

பருத்திப்பட்டில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் கொத்தனார். காண்டிராக்டரிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார்.

"வேலை எந்த அளவுக்குத் தெரியும்னு எழுதட்டும் அண்ணே?"

"இன்னாத்த சொல்றது நைனா, ஏதோ தெரியும். கரணை புடிக்க வரும்."

'கொத்து வேலை ஓரளவு தெரிந்தவர்' என்று எழுதினேன். எங்கள் வீட்டுப் பின்சுவர் அவர் கட்டியது. என் அப்பாவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, கரணையால் சாந்தை இழுத்துவிட்டு, கல்லைத் திரும்பிப் பாராமல் அடுக்கிக்கொண்டு போனார். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். வேலை தெரிந்தவர்கள் தங்களைப் பற்றி இப்படித்தான் தணித்துச் சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும், அவர் வாயால் சொன்னதை மீறக் கூடாதென்று ஒரு கறார்.

அன்றைக்கே அதே காண்டிராக்டருக்கு எனக்காகவும் வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். 'டைப் அடிப்பதில் கைதேர்ந்தவன்.' பூந்தமல்லியில் மூன்று வாரம் கற்றிருந்தேன். ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடித்தான் குத்துவேன்.

எனக்கு நாற்காலி கிடைத்தது. அவரைச் செங்கல் சுமக்கப் போட்டார்கள்.

நாலாம் நாள் காண்டிராக்டர் முன்னால் போய் நின்றேன். "அவர் நல்ல கொத்தனார் சார். கரணையைக் கொடுத்துப் பாருங்க."

"ஓரளவுன்னு கீதே. நீ எழுதின கடுதாசிதான?"

"அவர்தான் அப்படிச் சொன்னாரு."

"அவன் சொல்வான். உனக்குன்னா மட்டும் கைதேர்ந்தவன்னு எழுத வந்துச்சா? காலைலேர்ந்து ஒரு பக்கம் முடிக்கல நீ. கொத்தனாருங்க சேந்தாச்சு, போ."

போய் என் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அவர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். உள்ளங்கை உரிந்து சிவந்திருந்தது.

"எனக்கோசரம் பேசினியாமே நைனா. படிச்ச புள்ள பக்கத்து ஊட்டுல கீறது எவ்ளோ நல்லது."

கடிதத்தில் என்ன எழுதினேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"ஏதோ பேசினேன் அண்ணே" என்றேன்.

நானும் தணித்துச் சொல்வதாக நினைத்து அவர் சிரித்தார்.